அம்பு ஒட்டியவள்

"வைக்காத, இரு" என்று தம்பி மனைவியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா. ஐந்து மாதக் குழந்தை அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் அப்போதுதான் பார்சலைப் பிரித்து எடுத்த பை கிடந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி நடக்கலாம் என்கிறார்களே, அந்தப் பை. கத்தரிப்பூ நிறம், உள்ளே பஞ்சு மெத்தை, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அக்காவேதான் தம்பி மகளுக்கென்று ஒரு வாரம் போனில் தேடி ஆன்லைனில் வரவழைத்தது. வாங்கிக் கொடுத்தவளே வைக்காதே என்றால் எப்படி? தம்பி மனைவிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"என்னண்ணி, ஆசையா வாங்கிட்டு..."

"ஆசையெல்லாம் அப்புறம். முதல்ல நான் பார்க்கணும்."

அக்கா பார்க்கணும் என்றால் அது சும்மா பார்வை இல்லை. பத்தொன்பது வருஷமாக ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறவள். தையல் வரிசையிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியும் அவள் கைக்கு வந்தாகவேண்டும். புரட்டி, விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், அக்கா நிஜமாகவே அப்படித்தான் பார்ப்பாள். குறை இருந்தால் அந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய பீஸ் திரும்பத் தையலுக்குப் போகும், சரிசெய்து வரும், அம்பை உரித்துவிட்டு மறுபடி பார்ப்பாள். தையல்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் அக்கா'. அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவளுக்கு எல்லாம் விழும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

பையைப் புரட்டினாள். தோளில் மாட்டும் பட்டை இடுப்புப் பட்டையோடு சேருகிற இடத்துக்கு வந்ததும் அவள் விரல் தானாக நின்றது. பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக நெருக்கி நெருக்கிப் பூட்டுத்தையல் போட்டிருக்கவேண்டும். இங்கே போகிற போக்கில் ஒரு ஒற்றைத் தையல் ஓடியிருந்தது. வாய் பேசாமல் சமையலறைக்குப் போய்ப் பத்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தாள், பைக்குள் வைத்தாள், கதவுக் கொக்கியில் மாட்டினாள். பதினைந்து கிலோ வரை தாங்கும் என்று பையில் லேபிளே இருந்தது. தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். சில நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. "பாருங்கண்ணி, நல்லாத்தானே இருக்கு" என்று அவள் சொல்லி முடிப்பதற்கும் பட்டை பட்டென்று பிரிவதற்கும் சரியாக இருந்தது. கேன் தரையில் விழுந்த சத்தத்தில் குழந்தை வீறிட்டது. கூடம் முழுக்கத் தண்ணீர். தம்பி மனைவி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்த அக்கா, "ஏழு நிமிஷம்" என்றாள்.

அன்று சாயங்காலமே வாங்கிய ஆன்லைன் பக்கத்திலேயே போய் எழுதினாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை. கம்பெனியில் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே எழுதினாள்: 'இடது தோள் பட்டை சேருமிடத்தில் பூட்டுத்தையல் இல்லை. ஒற்றைத் தையல், அங்குலத்துக்கு ஏழு. பத்து கிலோ பாரத்தில் ஏழாவது நிமிடம் பிரிந்தது. குழந்தையை வைக்கவேண்டாம்.' கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு அம்பை உரித்து, பிரிந்த இடத்தில் ஒட்டி, போட்டோவும் எடுத்துப் போட்டாள். ஐந்தில் ஒரு நட்சத்திரம். அதுவும் ஒன்றாவது கொடுக்காமல் அனுப்ப முடியாது என்பதால் கொடுத்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பை விற்றவர்களிடமிருந்து முதல் போன் வந்தது. தேன் ஒழுகும் குரல். "சிஸ்டர், உங்களுக்குப் புதுசா வேற ஒண்ணு அனுப்பிடறோம். கையோட அந்த ரெவ்யூவை மட்டும் எடுத்துடுங்க."

"அனுப்புங்க, பார்க்கறேன். தையல் சரியா இருந்தா சரியா இருக்குன்னும் எழுதறேன். போட்டதை எடுக்கமாட்டேன்."

"ஏன் சிஸ்டர்?"

"அது நிஜம்தானே?"

அப்புறம் குரலிலிருந்த தேனெல்லாம் எங்கே போயிற்றோ! "உங்க அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு, தெரியும்ல? வீட்டுல சின்னப் புள்ள இருக்கு, அதுவும் தெரியும்ல?" என்றான் அவன். அக்கா போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்தாள். மூடி வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் சாப்பிடாமல் டப்பாவை மூடியது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நாளுக்கு இருபது போன், முப்பது போன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நம்பர். ஒருத்தன் வக்கீல் என்பான், ஒருத்தன் கேஸ் போட்டாச்சு என்பான், ஒருத்தன் ஒன்றுமே பேசாமல் மூச்சு மட்டும் விடுவான். கேட்காத பார்சல்கள் வாசலில் வந்து இறங்கின. ஒரு நாள் ஆளுயர நாய்க்கூண்டு வந்தது. வீட்டில் நாய் கிடையாது. இன்னொரு நாள் சவுரிமுடி ஒரு டஜன். பார்சல்காரர் பாவம், "அம்மா, ஆர்டர் போடறதும் திருப்பி அனுப்பறதும் உங்களுக்கு வெளையாட்டா?" என்று சத்தம் போட்டார். அக்கா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார். தம்பி ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். ரசீது கொடுத்தார்கள், பார்க்கிறோம் என்றார்கள்.

நாலாவது நாள் போஸ்டர் வந்தது. அக்காவின் போன் நம்பரோடு, அவள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படத்தையே எடுத்து, 'ஓசியில் பொருள் கேட்டு மிரட்டும் மோசடிப் பெண், உஷார்' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஊரெல்லாம் சுற்றவிட்டிருந்தார்கள். படத்தில் அவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கம்பெனிப் பெயர் தெளிவாகத் தெரிந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"எதுக்கும்மா இந்த வம்பை விலைக்கு வாங்கறீங்க? நீங்க எழுதி ஊரு திருந்திடப் போகுதா? எடுத்துட்டுப் போங்களேன்."

"சார், ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷத்துல என் மேஜையிலேருந்து போன பீஸ் ஒண்ணாவது வெளியிலேருந்து குறைன்னு திரும்பி வந்திருக்கா?"

வந்ததில்லை என்று மேனேஜருக்குத் தெரியும். ஒருமுறை கப்பல் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, காலர் கோணிய நாலாயிரம் சட்டையை இவள் விடமாட்டேன் என்று நின்றதும், அன்றைக்குத் தான் கத்திய கத்தலும், பிறகு அதே சரக்குக்கு வாங்கியவர்கள் பாராட்டிக் கடிதம் எழுதியதும் அவருக்கு மறந்திருக்காது. "அந்த அட்டை இருக்கற படத்தையாவது மாத்துங்க" என்று மட்டும் முனகினார். அக்கா அன்றைக்கே படத்தை மாற்றினாள். ரெவ்யூவைத் தொடவில்லை.

தொடாமல் இருந்தாளே தவிர, தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பயம் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆறாவது நாள் போனில் ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் படம். அவர்கள் வீட்டு நீலக் கதவு, வாசல், கொடியில் காயும் குழந்தையின் துணிகள். தெருவின் எதிர்ப் பக்கம் நின்று எடுத்தது. அன்றுதான் துவைத்த மஞ்சள் சட்டை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தால் அன்று காலையில் எடுத்ததுதான்.

தம்பி ஆடிப் போய்விட்டான். பள்ளி வேன் ஓட்டுகிறவன், நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறவன், தன் பிள்ளை என்றதும் கெஞ்ச ஆரம்பித்தான். "அக்கா, போதும்க்கா. உன் ரோஷத்துக்கு நாங்கதான் கிடைச்சோமா? எடுத்துடுக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

தம்பி அப்படிப் பேசி அக்கா கேட்டதில்லை. அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. கதவுக்கு எதிரே நின்று எவனோ படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒரு தையல், ஒரு நட்சத்திரம், நாலு வரி. அதுக்காகவா? போனை எடுத்தாள். தான் எழுதியதைத் திறந்தாள். பக்கத்திலேயே இருந்தது, 'நீக்கு'. விரலை அதன்மேல் கொண்டுபோனாள்.

நீக்குவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடலாமே என்று பார்த்தாள். எதையும் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் கையிலிருந்து விட்டுப் பழக்கமில்லை. அவள் எழுதியதன் கீழே யாரோ ஒரு பெண் கேட்டிருந்தாள்: 'அக்கா, நேத்துதான் இதே பை வந்துச்சு. என் பையனுக்கு ஒம்பது மாசம். வைக்கலாமா?' அதற்குக் கீழே, மூன்று நாளைக்கு முன்னால் அக்காவே போட்ட பதில்: 'வைக்காதேம்மா.' அதற்கும் கீழே அந்தப் பெண்: 'இழுத்துப் பார்த்தேன்க்கா. கையோட வந்துடுச்சு.' மேலே இருப்பதை நீக்கினால் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து போய்விடும்.

அக்கா போனைத் தம்பியிடம் நீட்டினாள். "நீயே படிச்சுட்டு நீயே எடுத்துடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தம்பி படித்தான். அவன் விரலும் அங்கேயே நின்றது. அதுவரை சுவரோரம் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி எழுந்து வந்து போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"அண்ணி கையைப் பிடிக்கலேன்னா அன்னிக்கு நான் வச்சிருப்பேன்" என்றாள். "வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறியிருப்பேன். யாரும் எதையும் எடுக்க வேண்டாம்."

போனை அக்காவின் கையில் வைத்துவிட்டு, வாசல் கொடியிலிருந்த துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து உள்ளே கட்டினாள். கதவைத் தாழ் போட்டாள். மறுநாள் தம்பி வேனை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கதவு தெரியாதபடி குறுக்கே நிறுத்தினான். அவனால் முடிந்தது அது.

இப்படி மிரட்டியும் வேலைக்கு ஆகவில்லை என்றதும் விற்கிறவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ போட்டார்கள். அதை அக்காவுக்கும் அனுப்பினார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருத்தன், பின்னால் கூரை வரை அடுக்கிய கத்தரிப்பூ நிறப் பைகள். 'ஒரு பெண் நம் தரத்தைப் பற்றிப் பொய் பரப்புகிறாள், நீங்களே பாருங்கள்' என்று ஆரம்பித்து, பட்டையின் நடுப்பகுதியைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்துக் காட்டினான். "சேருற இடத்தை இழுடா பார்ப்போம்" என்றாள் அக்கா போனைப் பார்த்து. அவன் இழுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பையை உள்பக்கம் புரட்டினான். "எவ்வளவு கவனமா செஞ்சிருக்கோம் பாருங்க! பட்டை எங்க சேருதுன்னு அம்மாக்களுக்குத் தெரியணும்னு ஒவ்வொரு பைலயும் அம்புக்குறி வச்சே குடுத்திருக்கோம்!"

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வீடியோவைப் பின்னுக்கு இழுத்தாள், நிறுத்தினாள், இரண்டு விரலால் பெரிதாக்கினாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சிவப்பாக, பட்டை சேருகிற இடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டு.

"அடப் பாவிகளா!"

அவள் போட்ட சத்தத்தில் தம்பியும் மனைவியும் ஓடி வந்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயம் இதுதான்: எங்கோ ஒரு கம்பெனியில் எவளோ ஒரு செக்கிங்காரி அத்தனை பைகளையும் பார்த்து, பூட்டுத்தையல் இல்லை, விடாதே என்று அம்பு ஒட்டித் தள்ளியிருக்கிறாள். தள்ளிய சரக்கை இவர்கள் மொத்த லாட்டாக அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்காவுக்கு வந்த பையில் அம்பை யாரோ உரித்திருக்கவேண்டும், அல்லது வழியில் விழுந்திருக்கவேண்டும். மீதியில் அப்படியே இருக்கிறது. அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்றுகூடத் தெரியாத ஆட்கள், அதையே பெருமையாக ஊருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா உட்கார்ந்து வீடியோவின் கீழே எழுதினாள்: 'இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்த அம்பு அம்மாக்களுக்காக ஒட்டியது இல்லை. ரிஜெக்ட் ஸ்டிக்கர். செக்கிங்கில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவது. நான் சொன்ன அதே இடம். இவர்களே காட்டியதற்கு நன்றி.' கீழே தன் வேலையையும் எழுதினாள்: செக்கிங், பத்தொன்பது வருஷம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழே ஒருத்தி எழுதினாள்: 'நானும் செக்கிங்தான், பதினொரு வருஷம். அது ரிஜெக்ட் அம்புதான்.' இன்னொருத்தி: 'ஃபினிஷிங் செக்ஷன், ஆறு வருஷம். ஐயோ, அதையா காட்டறாங்க!' தையல்காரர் ஒருத்தர் எழுதினார்: 'இந்த அம்பைப் பார்த்து நான் வாங்கின திட்டு கொஞ்சமா நஞ்சமா. எனக்குத் தெரியாதா?' எந்த எந்த ஊரிலிருந்தோ, முகம் தெரியாதவர்கள். ஒவ்வொருத்தரும் தன் வேலையையும் எத்தனை வருஷம் என்பதையும் போட்டுத்தான் எழுதினார்கள். தம்பி மனைவி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது, அவள் அதை மறைக்கவுமில்லை.

சாயங்காலம் வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். தூக்கினால் என்ன, அதற்குள் பலபேர் எடுத்து வைத்துக்கொண்டாயிற்று. ஆனால் போன் நிற்கவில்லை. திங்கட்கிழமையும் வந்தது, செவ்வாயும் வந்தது. 'இதோட விட்டுடுவோம்னு நெனைக்காத' என்று ஒருத்தன் சொன்னான்.

புதன்கிழமை அக்கா வேலை முடிந்து வந்து குழந்தையைத் தூக்கியபோது மறுபடி ஒரு புது நம்பர். "எடுக்காதக்கா" என்றான் தம்பி. அக்கா எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. தம்பிக்கு அது இரைச்சல். அக்காவுக்கு அது தையல் மிஷின், ஐம்பது அறுபது ஒன்றாக ஓடுகிற சத்தம்.

"யாரு? சொல்லும்மா" என்றாள்.

"அக்கா, அந்தப் போஸ்டர்ல உங்க நம்பர் இருந்துச்சு. அதைப் பார்த்துதான்..." ஒரு பெண் குரல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது தெரிந்தது. "அந்த அம்பு ஒட்டினது நான்தான்க்கா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீதான்னு எப்படிம்மா தெரியும்?"

"ஓரத்தைக் கொஞ்சம் மடிச்சு ஒட்டுவேன்க்கா. தைக்கறவங்களுக்கு உரிக்கச் சுளுவா இருக்கும்னு. அந்த வீடியோவுல பாருங்க, மடிஞ்சிருக்கும்."

அக்கா சைகை காட்ட, தம்பி மனைவி அந்த வீடியோவிலிருந்து எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். அம்பின் வால் பக்கம் ஒரு மயிரிழை அளவுக்கு மடிந்திருந்தது. அக்கா பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒட்டவேண்டும் என்று யோசித்ததில்லை.

"அறுநூறு பை ஒட்டினேன். அத்தனையும் பிரிச்சுத் தைக்கணும்னு எழுதிக் குடுத்தேன். மறுநாள் வந்தா சரக்கே இல்ல. தைச்சு அனுப்பியாச்சுன்னாங்க. எனக்குத் தெரியும்க்கா, ஒரு ராத்திரியில அறுநூறு தைக்க முடியாது. தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்." மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "நானும் கீழ எழுதட்டுமாக்கா? எந்தக் கம்பெனின்னு?"

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கும் இருக்கு" என்றாள் அக்கா. அப்புறம், மேஜையில் ஒரு பீஸைத் தள்ளி வைக்கும்போது சொல்கிற அதே குரலில், "சரியான இடத்துலதாம்மா ஒட்டியிருக்க" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகிறாளா, சிரிக்கிறாளா, மிஷின் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருவரும் போனை வைக்கவில்லை. வாசலில் பார்சல்காரர் வந்து மணி அடித்தார், தம்பி எழுந்து போனான். மடியில் குழந்தை தூங்கிப் போயிருந்தது. அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அதன் மஞ்சள் சட்டையின் தோள் தையலை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பார்த்தாள்.